பழைய திங்க்பேடில் டைப்-சி ஜாக்: கிடைத்தது என்ன, போனது என்ன

மச்சினனின் திங்க்பேட் டி440 லேப்டாப் இப்போது டைப்-சி ஒயரில் சார்ஜ் ஏறுகிறது. மஞ்சள் முனை வைத்த பழைய செவ்வக ஜாக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் யூஎஸ்பி டைப்-சி வைத்தாயிற்று. மாட்யூல் (சார்ஜரிடம் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கும் குட்டி போர்டு), ஒயர், பித்தளைத் தகடு, பசை எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனாலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். வேலை கஷ்டம் என்பதால் அல்ல. வடிவம் பொருந்திவிட்டால் மின்சாரமும் பொருந்திவிடும் என்று நம்பிச் சொருகுகிற வீடுகளில்தான் இது வம்பு.

மச்சினன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபியும் மிளகும் வைத்திருக்கிறான். ஆள் கூலி, மூட்டைக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் இந்த லேப்டாப்பில்தான். 2013-ல் வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. யாரோ ஒயரில் கால் தடுக்கி இழுத்ததில் ஜாக்கின் நடு ஊசி சாய்ந்துவிட்டது. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். சேலத்தில் விசாரித்ததில் ஜாக்கை ஒயரோடு மாற்ற 450, கூலி 500 என்றார்கள். நியாயமான விலைதான், அதோடு விட்டிருக்கலாம்.

"மலையில மழை புடிச்சிருச்சுன்னா கரண்ட் எப்ப வரும்னு யாருக்குங்க மாமா தெரியும்? பவர் பேங்க்லயே ஏத்துற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றான். 65 வாட் தரக்கூடிய 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறான். உள்ளே இருக்கும் பேட்டரி 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவது போக 60 கைக்கு வரும் என்று வைத்தால், எக்செல் அளவு வேலைக்கு 10 வாட் தின்னும் இந்த மெஷினுக்கு ஆறு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கணக்குதான் என்னை இழுத்தது.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு முனையில் டைப்-சி, மறு முனையில் பழைய செவ்வக முனை வைத்த குட்டி கன்வெர்ட்டர் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் ஜாக் ஆடாமல் நன்றாக இருந்தால் அதை வாங்கிக்கொண்டு இதோடு படிப்பதை நிறுத்திவிடலாம், மெஷினைத் திறக்கவே வேண்டாம். இங்கே ஜாக்கே போய்விட்டது. அதில் கன்வெர்ட்டரையும் தொங்கவிட்டால் மிச்சமும் போகும்.

திறப்பதற்கு முன் மல்டிமீட்டர் வேலை. இந்தச் செவ்வக முனையில் வெளிப்பக்கம் நெகட்டிவ், உள்பக்கம் 20 வோல்ட் பாசிட்டிவ். நடுவில் இருக்கும் ஊசி மின்சாரம் தருவதற்கு இல்லை, சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. சொல்லும் முறை ரொம்ப எளிமை: நடு ஊசிக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர். 45 வாட் என்றால் 120 ஓம்ஸ், 65 என்றால் 280, 90 என்றால் 550. வீட்டில் இருந்த இரண்டு சார்ஜர்களையும் சுவரிலிருந்து கழற்றி, விளக்கு அணையும்வரை காத்திருந்து அளந்தேன். சின்னதில் 119, பெரியதில் 279. சரியாக இருந்தது.

டைப்-சியும் இதே விஷயத்தைப் பேசுகிறது, வேறு பாஷையில். சொருகினதும் 20 வோல்ட் வராது. முதலில் 5 வோல்ட்தான் வரும். சிசி என்ற ஒயர் வழியாகச் சார்ஜர் தன்னிடம் இருப்பதைப் பட்டியல் போடும்: 5, 9, 15, 20, ஒவ்வொன்றிலும் இத்தனை ஆம்பியர். மாட்யூலில் இருக்கும் சிப் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கும். நான் வாங்கிய மாட்யூலில் இருப்பது சிஎச்224கே. ஒரு காலில் 6.8 கிலோ ஓம்ஸ் போட்டால் 9 வோல்ட், 24 போட்டால் 12, 56 போட்டால் 15, ஒன்றும் போடாமல் விட்டால் 20 கேட்கும். விலை 110 ரூபாய்.

சிக்கல் இங்கேதான். சார்ஜரும் மாட்யூலும் பேசிக்கொள்வது லேப்டாப்புக்குத் தெரியாது. லேப்டாப்புக்குக் கேட்பது நான் பற்றவைக்கும் ரெசிஸ்டரின் குரல் மட்டும். நடுவில் நிற்கும் தரகர் இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை சொல்வது மாதிரி. எந்தச் சார்ஜரைச் சொருகினாலும் லேப்டாப் கேட்கப்போவது ஒரே எண். அப்படியானால் எந்த எண்ணைச் சொல்ல வைப்பது?

முதலில் 65 என்று வைத்தேன். 280 ஓம்ஸ் கடையில் கிடைக்காது, 270-ஐயும் 10-ஐயும் தொடராகப் போட்டால் வந்துவிடும். ஜாக்கை ஒயர் அருகே வெட்டினால் லேப்டாப் பக்கம் தடித்த ஒயர்களும் மெல்லிசாக ஒன்றும் மிஞ்சும். அந்த மெல்லிசு ஒயருக்கும் நெகட்டிவான கறுப்பு ஒயருக்கும் நடுவே ரெசிஸ்டர்கள். தடித்தவை 18 கேஜ் சிலிக்கான் ஒயரோடு சேர்ந்து மாட்யூலுக்குப் போகின்றன. டி440-ல் ஜாக் மதர்போர்டில் ஒட்டி இல்லை, தனி ஒயரில் வந்து சொருகிக்கொள்கிறது. மதர்போர்டில் ஈயம் வைக்க வேண்டியிருந்தால் நான் இந்த வேலையைத் தொட்டிருக்க மாட்டேன். திறப்பதற்கு முன்னால் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே நுழையும் செட்டிங் திரை) போய் உள்ளே இருக்கும் பேட்டரியை முடக்கிவிட வேண்டும். பின்பக்கப் பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதாது, இந்த மாடலில் முன்பக்கம் இன்னொன்று ஒளிந்திருக்கிறது.

மூடாமலேயே மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒயருக்கு நடுவில் சொருகும் டைப்-சி மீட்டர் 450 ரூபாய், இந்த வேலைக்கு அது இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். 65 வாட் சார்ஜரில் 20 வோல்ட் வந்தது, இரண்டு பேட்டரியும் காலியாக இருந்தபோது 2.9 ஆம்பியர் வரை ஏறியது. நல்லது. அடுத்து டேப்லெட்டோடு வந்த 45 வாட் சார்ஜர். சார்ஜ் விளக்கு எரிந்தது, சில நொடியில் அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. 65 என்று கேள்விப்பட்ட லேப்டாப் அந்த அளவுக்கு இழுக்கிறது. சார்ஜரால் முடிவது 2.25 ஆம்பியர். மீறினதும் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. நல்ல சார்ஜராக இருந்ததால் அணைந்தது. மட்டமான சார்ஜர் அணையாமல் சூடாகியிருக்கும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று இரண்டு வாய் வைத்த 65 வாட் சார்ஜரில் தெரிந்தது. லேப்டாப் மட்டும் இருந்தால் 65 முழுதும் அதற்கே. பக்கத்து வாயில் போனைச் சொருகினதும் சார்ஜர் ஒரு கணம் இரண்டையும் துண்டித்து, இதற்கு 45, அதற்கு 20 என்று பிரித்துக் கொடுக்கிறது. மாட்யூலுக்கு அந்தச் செய்தி போகிறது, லேப்டாப்புக்குப் போவதில்லை. அது பழையபடி இழுக்க, மறுபடி அணைந்து எரிகிற ஆட்டம். வீட்டில் யாராவது போனைச் சார்ஜ் போட்டதும் லேப்டாப் ஏறாமல் நின்றால், காரணத்தைக் கண்டுபிடிக்க நாகலூரில் யார் இருக்கிறார்கள்?

அதனால் 120 ஓம்ஸுக்கு இறங்கினேன். கையில் எந்தப் பெரிய சார்ஜர் இருந்தாலும் லேப்டாப் தன்னை 45 வாட் சார்ஜரில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் பார்த்த உச்சம் 2.1 ஆம்பியர். 45, 65, இரண்டு வாய்ச் சார்ஜர், பவர் பேங்க் நான்கிலும் விளக்கு ஆடாமல் நின்றது. சார்ஜ் ஏறுவது மெதுவாகிவிட்டது, வேலை பார்த்துக்கொண்டே ஏற்றினால் இன்னும் மெதுவு. டி440-ன் பிராசஸர் 15 வாட் ரகம் என்பதாலும், இந்த மாடல் 45 வாட் சார்ஜரோடும் விற்கப்பட்டது என்பதாலும் இது சரிப்பட்டது. 90 வாட் கேட்கும் மெஷினுக்கு இப்படிக் குறைத்துச் சொன்னால் பிராசஸர் தவழும்.

குறைத்ததில் ஒரு லாபம் ஒயரில். டைப்-சி ஒயர் சாதாரணமாக 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் தன் தகுதியைச் சொல்லும் சிப் வைத்த 5 ஆம்பியர் ஒயர் வேண்டும். அது இல்லாவிட்டால் 65 வாட் சார்ஜரும் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். எங்களுக்கு 2.25 போதும் என்பதால் எந்த நல்ல 3 ஆம்பியர் ஒயரும் ஓடும்.

இனி ஜாக்கைப் பொருத்திய கதை. நேரம் முழுதும் இங்கேதான் போனது. பழைய செவ்வக ஓட்டை டைப்-சியைவிட எல்லாப் பக்கமும் பெரியது, அடைத்து நடுவில் சின்ன ஓட்டை வேண்டும். த்ரீடி பிரிண்டில் செய்கிறவர்கள் உண்டு. எனக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். 0.8 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். படம் வரைந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதாங்களா தம்பி? கொலுசுக் கொக்கி ஓட்டையவிட இது பெருசுங்க" என்றார்.

முதல் தகட்டில் ஓட்டையை ஒயர் முனை நுழையும் அளவுக்கு, 8.5-க்கு 2.7 மில்லிமீட்டர், போடச் சொல்லியிருந்தேன். சாக்கெட் தகட்டுக்குப் பின்னால் உட்காரும் என்பது திட்டம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் தகட்டின் தடிமன் அளவுக்குச் சாக்கெட் உள்ளே தள்ளிப்போய்விட, முனை முழுதாக நுழைவதற்குள் ஒயரின் பிளாஸ்டிக் தலை தகட்டில் முட்டி நின்றது. கிளிக் என்ற பிடிப்பு வரவில்லை, லேப்டாப்பைத் தூக்கினாலே துண்டித்தது. டைப்-சியில் ஒரு மில்லிமீட்டர் பெரிய தூரம்.

இரண்டாவது தகட்டில் சாக்கெட்டின் வாயே வெளியே எட்டிப் பார்க்கும்படி 9-க்கு 3.2. ஓரங்கள் அரைவட்டம் என்பதால் அண்ணன் முதலில் 5.8 மில்லிமீட்டர் இடைவெளியில் 3.2 துரப்பணத்தால் இரண்டு ஓட்டை போட்டார். நூல் ரம்பத்தை ஒன்றில் நுழைத்து மேலும் கீழும் அறுத்து இரண்டையும் சேர்த்தார். ஊசி அரத்தால் நாலு இழுப்பு, சாக்கெட்டை வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. கடைசியில் சாக்கெட் விரலால் அழுத்தினால் மட்டும் நுழையும் அளவுக்கு வந்து நின்றது. காசு வாங்க மாட்டேன் என்றார். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.

சாக்கெட்டின் உலோக உறையைத் தகட்டோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பித்தளை ஈயத்தை நன்றாகப் பிடிக்கும். 60 வாட் சால்டரிங் அயர்ன், முதலில் தகட்டின் விளிம்பில் மட்டும் பூசி, பிறகு உறையைத் தொட்டு எடுப்பது. அண்ணன் தன் கேஸ் பர்னரை நீட்டினார், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உருகிவிடும் என்று சொல்லித் தடுக்க வேண்டியதாயிற்று. இப்படிச் செய்ததன் பலன்: ஒயரை இழுத்தால் அந்த விசை மாட்யூலின் சின்னச் சின்ன ஈயப் புள்ளிகளுக்குப் போகாமல் தகட்டுக்குப் போகும். உறை நெகட்டிவோடு சேர்ந்தது என்பதால் தகடு தொட்டாலும் ஆபத்தில்லை. மாட்யூலின் பின்பக்கம் மட்டும் சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் சுற்றினேன். லேப்டாப்பின் உட்சுவரை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, தகட்டை அரால்டைட்டால் ஒட்டி இரவு முழுதும் விட்டுவிட்டேன். ஹாட் க்ளூ வேண்டாம், ஜாக் சூடானால் இளகும்.

ஏற்காடு என்பதால் ஈரத்தைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊர். மச்சினனின் பவர் பேங்க் ஒயர் முனையில் ஏற்கனவே பச்சைக் களிம்பு. முழு டைப்-சி சாக்கெட்டில் 24 பின்கள், ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் இடைவெளி. அதிலும் 20 வோல்ட் வரும் பின்னுக்கு ஒட்டிய பக்கத்து வீடு சிசி பின். ஈரமும் தூசியும் சேர்ந்து அந்த இரண்டையும் இணைத்துவிட்டால், சின்ன வோல்ட்டேஜில் பேசும் சிப்புக்குள் 20 வோல்ட் நுழைந்து அதோடு கதை முடியும். பழைய ஜாக்கில் இந்தப் பயம் இல்லை, அதன் பகுதிகள் கண்ணால் பார்த்துச் சுரண்டும் அளவுக்குப் பெரியவை.

இதற்கு நான் கண்ட வழி 6 பின் மட்டும் வைத்த சாக்கெட். பவருக்கு மட்டும் என்று விற்கிறார்கள்: பாசிட்டிவ் இரண்டு, நெகட்டிவ் இரண்டு, சிசி இரண்டு. நடுவில் உள்ள டேட்டா பின்கள் இல்லாததால் சாக்கெட்டுக்குள் இடைவெளி கூடுகிறது. ஒயர் முனைக்குள் நெருக்கம் அப்படியேதான் இருக்கும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. போன் கடையில் கிடைக்கும் ரப்பர் மூடி ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். தூசி எடுக்கப் பல்குச்சி, குண்டூசி கூடவே கூடாது.

6 பின் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்த வாயில் பென் டிரைவ் ஓடாது, மானிட்டர் ஓடாது. மச்சினன் முதலில் செய்தது பென் டிரைவைச் சொருகியதுதான். டைப்-சி என்றால் எல்லாம் நடக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது, கடைக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். கூடவே அவன் போனோடு வந்த 33 வாட் சார்ஜரையும் போட்டுப் பார்த்தான். மீட்டரில் 9 வோல்ட், லேப்டாப் அசையவே இல்லை. கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் "மாமா, ரிப்பேர் ஆயிருச்சு" என்று போன் வந்தது. பழைய மஞ்சள் முனையின் வடிவமே ஒரு பூட்டு: தப்பான சார்ஜர் நுழையவே நுழையாது. அந்தக் காவல் இப்போது இல்லை. ஜாக்குக்கு மேலே மார்க்கரில் "45 வாட்டுக்குக் குறையக் கூடாது" என்று எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதே உற்சாகத்தில் என்னுடைய பழைய டெல் லேட்டிட்யூடையும் மாற்றலாம் என்று பார்த்தேன். 7.4 மில்லிமீட்டர் வட்ட ஜாக், 19.5 வோல்ட், நடுவில் இதிலும் ஒரு ஊசி. ஆனால் இங்கே ரெசிஸ்டர் வித்தை பலிக்காது. சார்ஜருக்குள் ஒரு குட்டி மெமரி சிப் இருக்கிறது, லேப்டாப் அதை ஒற்றை ஒயரில் படித்துத்தான் வாட்டைத் தெரிந்துகொள்கிறது. படிக்க முடியாவிட்டால் மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். செத்துப்போன சார்ஜரிலிருந்து அந்தச் சிப்பைப் பிடுங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் ஜாக் நன்றாகவே இருக்கிறது. 350 ரூபாய்க்குக் கன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன்.

ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு டைப்-சி கட்டாயம், லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். அங்கே வரும் மாடல்தான் பெரும்பாலும் இங்கேயும் வரும் என்பதால் பழைய முனை வைத்த நல்ல சார்ஜர்கள் கடைகளில் போகப்போகக் குறையத்தான் செய்யும். ஆகவே இந்தக் கேள்வி என்னிடம் இன்னும் வரும். ஜாக் உடைந்திருக்கிறது, தனி ஒயரில் வருகிறது, 45 அல்லது 65 வாட்டில் ஓடும் மெஷின், சொருகுகிற ஆளுக்கு வாட் என்றால் என்ன என்று தெரியும்: இந்த நான்கும் இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். ஒன்று குறைந்தாலும் பழைய ஜாக்கையே புதிதாகப் போடுவதுதான் மலிவு.

அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுவேன். இப்போது மாட்யூல் தகட்டோடும் ஒயரோடும் ஒரே பிண்டமாக ஒட்டியிருக்கிறது. சிப் போனால் அரால்டைட்டைச் சுரண்ட வேண்டும். தகட்டை இரண்டு 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் நிறுத்தி, ஒயருக்கு நடுவில் கழற்றி மாட்டும் கனெக்டர் வைத்திருந்தால், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் நாகலூரிலேயே மாற்றிவிடலாம். அண்ணனிடம் மூன்றாவது தகட்டுக்குச் சொல்லியாயிற்று. ஸ்க்ரூ ஓட்டைக்கு இடம் வேண்டும் என்பதால் நீளத்தை 14-லிருந்து 19 மில்லிமீட்டராக்கி, படத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.